உங்கள் நிலத்து மண்ணணை எந்த வகையைச் சேர்ந்தது?

ஜவ்வாது மலையடிவாரத்தில், செங்கம் போன்ற பகுதிகளின் சரிவு நிலங்களில், ஓடையை மறித்துச் சொந்தச் செலவில் மண்கரை போட்டு மழைநீரைத் தேக்குவது நல்ல காரியம். கிணற்றில் ஊற்று கூடும். மணிலா வாடும் நேரத்தில் ஒரு தண்ணீர் பாய்ச்சலாம். "சின்னக் கரைதானே, இதற்குப் பாதுகாப்பு விதி எதற்கு?" என்று கேட்கும் விவசாய நண்பர்களுக்காகவே இக்கட்டுரை.

அணைகளை இருவிதமாக வகைப்படுத்துவர். ஒன்று, அளவைக் கொண்டு. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்குப் பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவை என்றால், 500 மீட்டர் நீளம், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற தகுதிகளில் ஒன்றாவது இருக்க வேண்டும். தென்பெண்ணையில் உள்ள சாத்தனூரும், செய்யாற்றில் உள்ள குப்பநத்தமும் இதில் அடங்கும். உங்களுடைய நாலைந்து மீட்டர் கரை அடங்காது. ஆகவே அதைக் கவனிக்கும் பொறுப்பு முழுவதும் உங்களுடையதே.

மற்றொன்று, கரை உடைந்தால் கீழே என்ன சேதமாகும் என்பதைக் கொண்டு. கீழே வெறும் புறம்போக்கு என்றால் ஆபத்து குறைவு. பயிரும் பாதையும் பம்புசெட்டும் இருந்தால் நடுத்தரம். ஆள் குடியிருக்கும் ஒரே ஒரு குடிசை இருந்தாலும் அது உயர்ந்த ஆபத்து வகை. கரையின் உறுதிக்கும் இந்த வகைக்கும் சம்பந்தமில்லை என்பதைப் பலர் உணர்வதில்லை. கரை அப்படியே இருக்க, ஓடையோரத்தில் உங்கள் தம்பி வீடு கட்டினால் வகை மாறிவிடும்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில், ஒரு கல்லூரிக்குச் சொந்தமான கெல்லி பார்ன்ஸ் என்ற மண்ணணை 1977 நவம்பர் 6ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், கனமழையில் உடைந்தது. உயரம் ஏறத்தாழ 40 அடிதான். கீழே உறங்கிக் கொண்டிருந்த 39 பேர் மாண்டனர். மறு ஆண்டே அம்மாநிலம் அணைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, உயிர்ச்சேதம் நேரக்கூடியவை, நேராதவை என்று அணைகளைப் பிரித்தது.

மண்கரையைக் கெடுப்பவை முக்கியமாக இரண்டு. முதலாவது, நீர் கரைக்கு மேல் வழிவது. மண் அரிக்கத் தொடங்கினால் சிறிது நேரத்திலேயே கரை போய்விடும். ஆகவே கலிங்கைக் கரையில் வைக்காமல், பக்கத்துக் கெட்டி நிலத்தில் வெட்டுங்கள். இன்னும் கொஞ்சம் நீர் நிற்கட்டும் என்று கலிங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. இது கையாலே கரையை உடைப்பதற்குச் சமம். மீன் ஓடாமலிருக்கக் கட்டும் வலையும் செத்தையை அடைத்து அதே வேலையைச் செய்யும்.

இரண்டாவது, கசிவு. கரையடியில் தெளிந்த நீர் சிறிது கசிவது சகஜம். அளவு கூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். கலங்கிய நீர் வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர், கரைக்குள் பதித்த குழாயின் ஓரம் ஆகியவை இதற்கு வழிகள். அதனால் கரைமேல் வேலிக்காத்தானை வளரவிடாமல் அருகம்புல்லைப் பரப்புங்கள்.

கலங்கல் கசிவைக் கண்டவுடன் முதலில் கீழே குடியிருப்போரை எழுப்பி மேட்டுக்கு அனுப்புங்கள். மதகு இருந்தால் திறந்து நீரைக் குறையுங்கள். நீர் வெளிவரும் வாயைக் களிமண்ணால் அடைக்கக் கூடாது. அடைத்தால் வேறிடத்தில் பீறிடும். ஆபத்தின்றி நெருங்க முடிந்தால், அவ்விடத்தில் முதலில் மணலும், அதன்மேல் சல்லியும் பரப்பினால் நீர் வடியும், மண் நிற்கும். ஐப்பசி மழைக்கு முன்பே இவ்விரண்டையும் ஒவ்வொரு வண்டி கரையருகில் கொட்டி வைத்துக்கொள்ளுங்கள்.