ஸ்பானிஷ் படிப்பும் நம் பிள்ளைகளும்

சென்னை ஸென்ட்ரலிலிருந்து வடக்கே செல்லும் மின்சார ரயிலில் மீஞ்சூரையும் பொன்னேரியையும் கடந்து கும்மிடிப்பூண்டியில் இறங்குவோர், பாஷைகளின் சந்தைக்குள்ளேயே இறங்குகிறார்கள். ஆந்திர எல்லை அருகிலிருப்பதால் தெலுங்கு காதில் விழும். சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்தவர்களின் ஹிந்தியும் ஒரியாவும் விழும். நடுவே நம் தமிழும் விழும். இப்படிப்பட்ட ஊரில் வளரும் குழந்தைக்கு இன்னொரு பாஷை பெரிய பாரமாகாது. ஆகவே, "ஸ்பானிஷ் பாடம் எடுக்கலாமா?" என்று ஒரு பெற்றோர் கேட்டால், அக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடலாகாது.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடப் பட்டியலில் ஸ்பானிஷும் ஒன்று. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், உயர்நிலை வகுப்புகளில் கற்பிக்கத்தக்க அந்நிய பாஷைகளுள் அதைக் குறிப்பிடுகிறது. ஸ்பெயின், மெக்ஸிகோ, அர்ஜென்டினா முதலிய 20 தேசங்களில் அது அரசாங்க பாஷை. அதைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஏறக்குறைய 50 கோடிப் பேர். நம் திருவள்ளூர் ஜில்லாவுக்கும் அந்தப் பாஷையினரோடு தொடர்பு ஏற்பட்டதுண்டு. காற்றாலை இயந்திரங்கள் செய்யும் ஸ்பெயின் தேசத்துக் கமேஸா கம்பெனி, 2010-ஆம் ஆண்டில் செங்குன்றத்தருகே தொழிற்சாலை திறந்தது.

பாஷை நல்லதுதான். ஆனால் எதற்காகப் படிப்பது என்பதில்தான் நாம் வழி தவறுகிறோம். தமிழ்நாட்டில் பிரெஞ்சுப் பாடத்துக்கு நேர்ந்த கதி நமக்குப் பாடமாக வேண்டும். தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் அதிகம் என்று கருதி எத்தனையோ மாணவர்கள் அதை எடுத்தார்கள். பரீட்சைக்கு வேண்டிய வாக்கியங்களை நெட்டுருப் போட்டு, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்களும் உண்டு. அவர்களிற் சிலரைப் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றால், ஒரு வீதியின் பெயர்ப் பலகையை உச்சரிக்கத் திணறுவார்கள்! பிரெஞ்சும் வரவில்லை, தமிழும் போயிற்று. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரையில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. மேல்நிலை வகுப்புகளிலோ பழைய வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. ஸ்பானிஷும் அந்த வாசல் வழியே நுழையுமானால், அதனால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஸ்பானிஷ் கற்பதற்குத் தமிழைப்போல் உதவும் துணை வேறில்லை. "பேசுகிறேன்" என்னும்போது "நான்" என்று சொல்ல வேண்டிய அவசியம் நமக்கில்லை. வினைச்சொல்லின் விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. ஸ்பானிஷிலும் அப்படியே. "ஆப்லோ" என்றால் பேசுகிறேன். "ஆப்லாஸ்" என்றால் பேசுகிறாய். "ஆப்லாமோஸ்" என்றால் பேசுகிறோம். நீ, நீங்கள் என்ற மரியாதை பேதம்கூட அங்கே "தூ", "உஸ்தேத்" என்று இருக்கிறது. ஆங்கிலத்தின் வழியாகக் கற்பவனுக்கு இவையெல்லாம் புதுமை. தமிழ்ப் பிள்ளைக்கோ வீட்டுப் பழக்கம். "எஸ்பாஞா" என்று அவர்கள் தம் தேசத்தைச் சொல்லும்போது வருகிற ஒலி, நம் அரிச்சுவடியின் ஞகரமேயன்றி வேறல்ல. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று உயிரற்ற பொருளுக்கும் பால் வகுப்பதில்தான் நம் பிள்ளைகள் சற்றுத் தடுமாறுவார்கள்.

சொற்களிலும் பழைய உறவு உண்டு. இதே ஜில்லாவைச் சேர்ந்த பழவேற்காட்டில் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வியாபாரம் செய்தார்கள். அவர்கள் பாஷை ஸ்பானிஷுக்கு உடன்பிறந்தது. அலமாரி, சாவி, மேசை என்று நாம் தினமும் வழங்கும் சொற்கள் போர்த்துக்கீசிலிருந்து வந்தவை. ஸ்பானிஷில் அவை "அர்மாரியோ", "யாவே", "மேசா" என்று நின்று, தெரிந்த முகத்தோடு நம்மை வரவேற்கின்றன.

இன்றைய ஸ்பெயினைச் சேர்ந்த நவார்ராவில் 1506-இல் பிறந்த பிரான்சிஸ் சேவியர், 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்ததும் முதற் காரியமாகப் பிரார்த்தனைகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனனம் பண்ணினார். அவருடைய சமயப் பணி பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் ஒரு ஜனங்களோடு காரியம் உள்ளவன் அவர்கள் பாஷையைக் கற்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார், மார்க்குக்காகக் கற்கவில்லை.

இன்னொரு விஷயம். மாதக் கட்டணம் செலுத்த வல்லவர்களின் குழந்தைகளே அந்நிய பாஷை கற்பது, ஆலையில் இரும்பு உருக்குபவரின் மகள் அதைக் கேள்விப்படாமலே பள்ளியை விடுவது என்ற நிலை நாட்டுக்கு அழகல்ல. 1968 முதல் இங்கே நடந்துவரும் இருமொழிக் கொள்கையை மாற்றாமலே இதற்கு வழி செய்யலாம். தமிழும் ஆங்கிலமும் முறைப்படி நடக்கட்டும். பள்ளி நேரத்துக்குப்பின், விருப்பமுள்ள மாணவர்களுக்கு வாரம் இரண்டு நாள் வகுப்பு வைக்கலாம். பரீட்சையும் வேண்டாம், மார்க்கும் வேண்டாம். தில்லி ஜவாஹர்லால் நேரு சர்வகலாசாலையிலும் ஹைதராபாத் ஆங்கில, அந்நிய பாஷைகள் சர்வகலாசாலையிலும் ஸ்பானிஷ் பயின்ற பட்டதாரிகள் உபாத்தியாயராக வரலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிட்டு ஸ்பானிஷைச் சொல்லிக்கொடுக்கும் நல்ல தமிழ்ப் புத்தகம் ஒன்று வேண்டும். பண்டிதர்கள் கவனிப்பார்களாக.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை: குழந்தை ஆசைப்பட்டால் ஸ்பானிஷ் கற்கட்டும். ஆனால் அதற்காகத் தமிழை விடச் சொல்லாதீர்கள்.