ஜேசிபி வண்டியில் பின் உடைந்தால்... நாம் தெரிந்து கொள்ள வேண்டியவை



'என்ன இது, நம்ம இதழில் ஜேசிபி வண்டியைப் பற்றி எழுதுகிறார்களே' என்று நினைக்கிறீர்களா? காரணம் இருக்கிறது. கடைசி வரை படித்துப் பாருங்கள்.

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் கோடையில் மணல் மூடிக் கொள்வது நமக்குப் புதிதல்ல. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆற்று வெள்ளம் வந்து தள்ளினால் திறக்கும். வரத்து இல்லாத மாதங்களில் கடல் அலை மணலைக் கொண்டு வந்து அடைத்து விடும். அடைத்து விட்டால் கடலில் இருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஏரிக்குள் வராது. படகு கடலுக்குப் போகாது. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கும், கூடை தூக்கி மீன் விற்கும் பெண்களுக்கும் அன்றைய வருமானம் போச்சு. அதனால்தான் பல வருடங்களில் மீனவ கிராமங்கள் வரி போட்டுப் பணம் சேர்த்து, ஜேசிபியும் பொக்லைனும் வாடகைக்கு எடுத்து மணலை வெட்டித் திறந்திருக்கிறார்கள். அந்த வண்டியின் வாடகையில் நம் வீட்டுப் பணமும் இருக்கிறது. சில குடும்பங்களில் குழுக் கடன் வாங்கி பழைய வண்டியே எடுத்திருக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு உறுப்பினர் வீட்டுக்குப் போயிருந்தோம். இரண்டு தவணை நின்றிருந்தது. மணல் வேலையில் வண்டியின் பக்கெட் பின் உடைந்திருக்கிறது. அவசரத்தில் ஒரு இரும்பு ராடை லேத்தில் கடைந்து, சம்மட்டியால் அடித்து மாட்டி, அன்றைக்கே வேலையைத் தொடர்ந்து விட்டார்கள். மூன்றாம் நாள் பக்கெட்டின் காதே கிழிந்து பக்கெட் தொங்கி விட்டது. நல்ல வேளை, கீழே யாரும் இல்லை. வண்டி வாரக்கணக்கில் நின்றது. "மேடம், ஒரு பின்னு உடைஞ்சதுக்கா என் சங்கிலி அடகுக்குப் போகணும்?" என்று அந்தச் சகோதரி கேட்டார். அந்தக் கேள்விக்காகவே பட்டறைக்காரர்கள், ஆப்பரேட்டர்களிடம் எல்லாம் விசாரித்து இதை எழுதுகிறோம்.

பின் என்றால் என்ன?

அச்சாணி இல்லாத தேர் ஓடாது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ஜேசிபிக்கு அந்த அச்சாணிதான் 'பின்'. (ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்பவர் 1945-ல் இங்கிலாந்தில் தொடங்கிய கம்பெனியின் பெயர்தான் ஜேசிபி. இந்தியாவில் 1979 முதல் தயாராகிறது. இப்போது எந்தக் கம்பெனி வண்டியானாலும் நாம் ஜேசிபி என்றே சொல்கிறோம்.) பக்கெட்டின் பின்பக்கத்தில் தடித்த தகட்டில் இரண்டு காதுகள் இருக்கும். அவற்றில் துளை. வண்டியின் கை அந்த இரண்டு காதுக்கும் நடுவில் நுழையும். மூன்று துளைகளையும் சேர்த்துக் கோர்ப்பதுதான் பின். துளைக்குள் 'புஷ்' என்ற வளையம் உண்டு. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் கிரீஸ் இருக்க வேண்டும்.

ஏன் உடைகிறது?

நம்ம பகுதியில் மணலும் உப்புத் தண்ணியும் சேர்ந்த இடத்தில் வேலை. கிரீஸ் இல்லாத இடத்தில் மணல் புகுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல பின்னைத் தேய்க்கும். உப்பு அரித்துத் துரு பிடிக்கும். இன்னொரு காரணம், பின் நழுவாமல் பிடிக்கும் சின்ன போல்ட். அது விழுந்து விட்டால் பின் ஒரு பக்கமாக நகர்ந்து, முழு பாரமும் ஒரே காதின் மேல் விழும். பக்கெட்டை வைத்துப் பக்கவாட்டில் மண்ணைத் துடைப்பம் போலத் தள்ளினாலும், பாறையில் மோதினாலும் உடையும்.

பின் உடைந்த அந்த நொடியில் பக்கெட் ஒரு பக்கமாகத் தொங்கி முறுக்கும். ஒரு காது மீனின் செவுள் போல வெளியே விரியும். துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவமாகும். ஆகவே, உடைந்தது பின் மட்டும் அல்ல என்று நினைத்தே பார்க்க வேண்டும். வளைந்த காதில் புதுப் பின்னை அடித்து ஏற்றினால் அது கோணலாகவே நிற்கும். மறுபடி உடையும், அல்லது காதைக் கிழிக்கும். அந்தச் சகோதரி வீட்டில் நடந்தது இதுதான்.

சரி செய்யும் முறை

1. முதலில் பாதுகாப்பு. பக்கெட்டைத் தரையில் வைத்து இஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து விட வேண்டும். பிறகு லீவர்களை முன்னும் பின்னும் அசைத்தால் ஆயில் அழுத்தம் குறையும். வண்டியின் கைக்குக் கீழே கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். குழந்தைகள் வேடிக்கை பார்க்க வந்தால் தூர அனுப்புங்கள்.

2. உடைந்த துண்டை எடுக்கும்போது சம்மட்டியால் நேராக அடிக்கக் கூடாது. பின் கடினமான எஃகு. சில்லு தெறித்துக் கண் போகும். நடுவில் பித்தளை ராடு வைத்து அடிக்க வேண்டும், கண்ணாடி போட வேண்டும். துளை நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கவே கூடாது. பக்கெட் லேசாக நகர்ந்தாலும் விரல் துண்டாகும்.

3. நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, விரிசல் பார்க்க வேண்டும். பட்டறைக்காரர்களின் எளிய வழி ஒன்று: காதின் மேல் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் கோடு தெரியும். இதை நாமே நின்று பார்க்கலாம்!

4. ஒரு நேரான ராடை இரண்டு காதுத் துளையிலும் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் போனால் நேர். இடித்தால் வளைவு. இரண்டு காதுக்கும் உள்ள இடைவெளியை மேலும் கீழும் அளந்தால் எவ்வளவு விரிந்தது என்று தெரியும்.

5. லேசான வளைவு, விரிசல் இல்லை என்றால், தகட்டைக் கேஸ் வெட்டில் சூடாக்கி, ஜாக்கி வைத்தோ, மரை போட்ட கம்பியால் இழுத்தோ மெதுவாக நேராக்கலாம். மங்கிய சிவப்பு நிறம், அதாவது சுமார் 650 டிகிரி செல்சியஸ் போதும். ஆரஞ்சு நிறம் வரக் காய்ச்சினால் இரும்பின் பலம் கெடும். சுட்ட இரும்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது, உடையும் தன்மை வந்து விடும். தானாக ஆற விடுங்கள். சூடாக்கும் முன் புஷ், சீல், கிரீஸ் எல்லாவற்றையும் எடுத்து விட வேண்டும்.

6. விரிசல் இருந்தால் அதன் மேலேயே வெல்டிங் பூசி மறைப்பது வேலை அல்ல. விரிசலின் முனையில் சின்னத் துளை போட்டு, விரிசலை முழுதும் தோண்டி எடுத்து, தகட்டைச் சூடாக்கி, பிறகு லோ ஹைட்ரஜன் ராடால் (7018 என்று கேட்கலாம்) நிரப்ப வேண்டும். ராடு ஈரமாக இருந்தால் வெல்டிங் முடிந்து சில மணி நேரம் கழித்துக்கூட விரிசல் வரும். நம்ம கடற்கரைக் காற்றில் திறந்து வைத்த ராடு ஈரம் இழுக்கும், எனவே ஓவனில் காய வைத்த ராடு வேண்டும். வெல்டிங்கிற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

7. துளை முட்டையாகி விட்டால் வெல்டிங் வைத்து நிரப்பி, 'லைன் போரிங்' மெஷினில் இரண்டு துளையையும் ஒரே நேராகக் கடைந்து புது புஷ் போட வேண்டும். கண் அளவில் கேஸ் வைத்துத் துளை போட்டால் நேர் வராது.

8. மடிந்த காது, கிழிந்த காது என்றால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பதே நல்லது. வார்ப்பு இரும்பில் செய்த பாகம் வளைந்தால் காய்ச்சி அடிக்க வேண்டாம், மாற்றுங்கள். பளபளப்பான ஹைட்ராலிக் சிலிண்டர் ராடு வளைந்திருந்தால் ஹைட்ராலிக் பட்டறைக்கே அனுப்புங்கள்.

9. புதுப் பின் அந்த வண்டிக்கு உரிய அளவில், கடினமாக்கிய எஃகில் இருக்க வேண்டும். சாதாரண ராடு பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், பாரம் தாங்காது. கையால் தள்ளி, லேசாகத் தட்டினாலே பின் நுழைய வேண்டும். சம்மட்டி தேவைப்பட்டால் இன்னும் நேராகவில்லை என்று அர்த்தம். போல்ட்டை மாட்டி, கிரீஸ் அடித்து, முதலில் வெறும் பக்கெட்டை மெதுவாக இயக்கிப் பார்க்க வேண்டும்.

நம் குழுக்கள் செய்ய வேண்டியது

வண்டி வைத்திருக்கும் சகோதரிகளே, தினமும் காலையில் எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்தாச்சா என்று கேளுங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வந்தால்தான் உள்ளே போனதாக அர்த்தம். முகத்துவார வேலை முடிந்தால் நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவச் சொல்லுங்கள். வாடகைப் பணத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள். தவணைப் பணத்தில் கை வைக்கும் நிலை வராது.

ஊர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும்போது, வண்டி பழுதாகி நிற்கும் நேரம் மணிக் கணக்கில் சேருமா, உடைந்தால் செலவு யாருடையது என்று முதலிலேயே பேசி எழுதிக் கொள்ளுங்கள். பிறகு சண்டை போட்டுப் பயன் இல்லை.

பழைய வண்டி வாங்கக் குழுவில் கடன் கேட்டால், தீர்மானம் எழுதும் முன் இரண்டு உறுப்பினர்கள் நேரில் போய்ப் பாருங்கள். பக்கெட்டை லேசாகத் தூக்கச் சொல்லி அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடகடவென்று ஆடினால் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கிறது. காதில் பழைய வெல்டிங் மேடு மேடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். "இதெல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம்" என்று யாராவது சொன்னால், "கடன் பத்திரத்தில் கையெழுத்து என்னுதுதானே" என்று சொல்லுங்கள்.

அந்தச் சகோதரியின் வண்டிக்குப் புதுத் தகடு வைத்து, துளை கடைந்து, சரியான பின் போட்டு இப்போது ஓடுகிறது. நின்ற தவணைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வருகிறார். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது. கிரீஸ் கன் மட்டும் இப்போது அவர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. காலையில் அவரே எடுத்துக் கொடுத்துத்தான் வண்டி கிளம்புகிறதாம்!

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். வண்டி வைத்திருக்கும் வீட்டுக்காரர்களிடமும் கொடுங்கள்.