விடுதிக்குள் போகலாம், விடுதி நடத்த?

புதுச்சேரியில் வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் தெருக்கள், மேற்கே தமிழர் தெருக்கள். இரு பக்கமும் பழைய வீடுகள் பல இன்று சிறு சொகுசு விடுதிகள். பெருமாள் கோயில் தெருவின் 'மெசோன் பெருமாள்' அப்படி ஒன்று. கடற்கரைக்கு நடந்தே போகலாம் என்பதற்கே பாதி வாடகை கொடுக்கலாம்.

தங்கப் போனால் நம்மை யாரும் தடுக்க முடியாது. 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கர், சாதியை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கினார். தெரிந்ததும் தடியோடு வந்து விரட்டினார்கள். பின்னாளில் அவர் தலைமையிலான குழு வரைந்த அரசமைப்பின் 15(2) பிரிவு, உணவகம், விடுதிகளில் சாதித் தடை கூடாது என்றது.

விடுதி நடத்துவதில்தான் சிக்கல். இதற்கு முதல், பாட்டன் விட்டுப்போன ஊர்நடு வீடு. நம் பாட்டனை ஊருக்கு வெளியேதானே வைத்தார்கள்!

காட்டாங்குளத்தூரில் விடுதி மேலாண்மை படிக்கும் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டுக்கு 35 விழுக்காடு மானியம், உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய். சேவைத் தொழிலுக்கும் உண்டு. கோயில்களை நடந்தே பார்க்கக்கூடிய மாமல்லபுரம் நம் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் விசாரியுங்கள்.