குடவோலையும் கைப்பேசியும்

ஓரிக்கையிலிருந்து பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர் போனால், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்கலாம். பாடநூல்கள் பெருமை பேசும் கல்வெட்டு அது. அந்தக் குடத்தில் பெயர் விழ, வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். சேரியில் இருந்தவர்களுக்கு அந்தக் குடத்தில் இடமில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, நம் பிள்ளைகளின் படிப்புக்கும் இப்படி ஒரு தகுதிப் பட்டியல் வந்தது: ஆண்ட்ராய்டு போன், டேட்டா, பகலில் வீட்டில் இருக்கும் பெற்றோர். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இருப்பது ஒரே போன். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பாடநூலில் அச்சிட்ட கியூஆர் குறியீட்டைத் திறக்கவும் அதே போன்தான் வேண்டும். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, போன் இல்லாத வீட்டுக்கும் பாடத்தைக் கொண்டுவந்தது. நல்ல முயற்சிதான். ஆனால், "சார், புரியல" என்று பிள்ளை சொன்னால் கேட்க அந்தப் பெட்டிக்குக் காது இல்லை.

2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. மாலையில் ஒன்றரை மணி நேரம், தெரிந்த அக்காவே தன்னார்வலராக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். பள்ளி திறந்த 6 மாதங்களில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. பள்ளி மூடியதில் அதிகம் இழந்தவர்கள் ஏழைப் பிள்ளைகள்; திறந்த பிறகு வேகமாக மீண்டவர்களும் அவர்களே.

கருவி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஸ்மார்ட் வகுப்பறையும் மடிக்கணினியும் நமக்கும் உரிமை. ஆனால், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால், இருக்கிறவர் வீட்டுக்கும் இல்லாதவர் வீட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கருவி இன்னும் அகலமாக்கும்.

மாலை வகுப்பு எங்கே நடக்கிறது என்பதும் முக்கியம். ஊர்க் கோயில் திண்ணையில் வைத்தால் நம் பிள்ளைகள் தயங்கி நிற்பார்கள். சேரியிலேயே, விளக்கும் மின்விசிறியும் உள்ள கட்டடத்தில், நம் பட்டதாரிப் பெண்களுக்கு முறையான ஊதியம் கொடுத்து நடத்த வேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேட்போம். அங்கே பேச நிலமும் வேதமும் தேவையில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.