மானியம் யார் வீட்டு அடுப்புக்கு?

வீட்டுக்கான 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் டீக்கடையில் எரிவதைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. மானிய விலைக்கும் வணிக விலைக்கும் இருந்த இடைவெளிதான் அதை அங்கே கொண்டுபோனது. எரிவாயு மானியம் கூடாது என்பவர்கள் முதலில் சுட்டுவது இதைத்தான். அவர்களின் அடுத்த வாதம் இன்னும் கனமானது: சிலிண்டருக்கு இவ்வளவு என்று கொடுத்தால், மாதம் ஒன்று வாங்கும் வசதியான வீட்டுக்கே மானியம் அதிகம் போகும். போதாததற்கு, நாட்டின் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி. வளைகுடாவில் விலை ஏறினால் இங்கே கஜானா காலியாகும்.

வாதம் நியாயமானதுதான். 2012-ல் அரசும் ஆண்டுக்கு 6 சிலிண்டருக்கு மட்டுமே மானியம் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் அது 9 ஆகி, பிறகு 12 ஆனது. 2015-ல் நாடு முழுவதும் மானியம் வங்கிக் கணக்குக்கு மாறியது. ‘விட்டுக்கொடுங்கள்’ என்ற அழைப்பை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஏற்றார்கள். 2020 மே மாதத்துக்குப் பிறகு, விட்டுக்கொடுக்காத பெரும்பாலோருக்கும் மானியம் சத்தமில்லாமல் நின்றது. சம்பளக்காரர்கள் முணுமுணுத்தோம், ஆனால் யாரும் விறகடுப்புக்குத் திரும்பவில்லை.

ஏழை வீட்டின் கதை வேறு. 2016-ல் உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழை வீடுகளுக்கு 10 கோடிக்கும் மேற்பட்ட எரிவாயு இணைப்புகளைக் கொடுத்திருக்கிறது. ஆனால், 2019-20-ல் ஒரு உஜ்வலா வீடு வாங்கியது சராசரியாக மூன்று சிலிண்டர்தான். மற்ற நாட்களில் விறகும் வறட்டியும். சுள்ளி பொறுக்கப் போகும் நேரத்துக்கும், புகையில் கெடும் நுரையீரலுக்கும் எந்த பட்ஜெட்டிலும் கணக்கு இல்லாததால் விறகு இலவசம் போலத் தெரிகிறது. சிலிண்டருக்கு 2022-ல் 200 ரூபாய், 2023 அக்டோபரில் 300 ரூபாய் மானியம் வந்தது. விலையும் கொஞ்சம் இறங்கியது. 2024-25-ல் சராசரி நான்கைத் தாண்டியது. கொடுத்தால் பயனில்லை என்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

குறை, கொடுக்கும் முறையில் இருக்கிறது. முழு விலையையும் முதலில் கட்ட வேண்டும்; மானியம் பிறகுதான் கணக்கில் ஏறும். தினக்கூலி வாங்கும் வீட்டில் அந்த முழுத் தொகை சேர்வதற்குள் விறகடுப்பு பற்றிக்கொள்ளும். எல்லோருக்கும் மானியம் வேண்டாம். உஜ்வலா வீடுகளுக்காவது சிலிண்டர் இறக்கும்போதே கழித்துக்கொள்ள வேண்டும், அல்லது முன்கூட்டியே பணம் போட வேண்டும். முடியாத காரியம் இல்லை. 2020 கொரோனா ஊரடங்கில் மூன்று சிலிண்டர்களுக்கான பணத்தை அரசே இப்படி முன்கூட்டியே கணக்கில் போட்டது.