வீடு கைமாறினால் வாடகைக்காரர் என்ன செய்யலாம்?

"வீட்ட விக்கப்போறேன், இந்த மாசம் முடியிறதுக்குள்ள காலி பண்ணிக் குடுங்க." ஸ்பிரிங்வெளிப் பக்கத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காகவோ வேலைக்காகவோ இறங்கிவந்து, பதுளை டவுனில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களை நடுங்கவைக்கும் பேச்சு இது. கேட்ட மறுநாளே சாமான் கட்டத் தொடங்கிவிடுகிறவர்களும் உண்டு. அந்த அவசரம் தேவையில்லை. வீட்டை விற்பது வீட்டுக்காரரின் உரிமைதான். ஆனால் விற்றுவிட்டார் என்பதற்காக மட்டும் வாடகைக்காரரை வெளியே போகச் சொல்ல முடியாது.

இலங்கையில் வாடகைக்கும் குத்தகைக்கும் அடிப்படையாக இருப்பது ரோமன் டச்சுச் சட்டம். அதன்படி வீடு கைமாறும்போது, அதிலுள்ள குத்தகையும் சேர்ந்தே கைமாறுகிறது. வாங்கியவர் பழைய வீட்டுக்காரரின் இடத்துக்கு வருகிறார். வாடகை வாங்கும் உரிமை அவருக்குக் கிடைப்பதுபோல, பேசிய காலம்வரை உங்களை இருக்கவிடும் கடமையும் அவர் தலையில் விழுகிறது.

பேசிய காலம் எது என்பதில்தான் நம் ஆட்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதியிருக்க வேண்டும். முத்திரை ஒட்டிய தாளில் நீங்களும் வீட்டுக்காரரும் கையெழுத்திட்டு 'இரண்டு வருடம்' என்று எழுதிக்கொண்டாலும், அது இரண்டு வருடக் குத்தகை ஆகாது. மாத வாடகையாகவே கருதப்படும். நொத்தாரிசு எழுதிய குத்தகையையும் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால், பணம் கொடுத்து வாங்கித் தன் உறுதியை முதலில் பதிந்துகொண்டவர் உங்கள் குத்தகையை ஏற்க மறுக்கலாம்.

மாத வாடகைக்கு இருப்பவருக்கு முழுதாக ஒரு மாத அறிவித்தல் தர வேண்டும். முதலாம் திகதியிலிருந்து வாடகை கணக்கிடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 10ஆம் திகதி கடிதம் வந்தால் ஜூலை 10இல் போக வேண்டியதில்லை, ஜூலை 31 வரை இருக்கலாம்.

அந்தத் திகதி வந்த பிறகும் வீட்டுக்காரரோ வாங்கியவரோ உங்களைத் தாங்களாகவே வெளியேற்ற முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுக் கட்டளை பெற வேண்டும். நொத்தாரிசு எழுதிய குத்தகை முடிந்த இடங்களில் இந்த வழக்கைச் சுருக்கமாக முடிக்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்திருக்கிறது. அங்கும் நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டும்.

பூட்டை மாற்றி, சாமானை வெளியே போட்டால் உடனே பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில், சமாதானம் குலையும் நிலை இருந்தால் விஷயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். பலவந்தமாக வெளியேற்றியது, மனுக் கொடுப்பதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். 'பேசிப் பார்ப்போம்' என்று சொந்தக்காரர் வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டால் இந்த வழி அடைபட்டுப்போகும்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இதைவிடப் பெரிய பாதுகாப்பைத் தருகிறது. அது பொருந்தும் வீட்டில், நீங்கள் குடியிருக்கும்போது விலைக்கு வாங்கியவர் 'நான் குடிவர வேண்டும்' என்ற காரணத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. ஆனால் 1980, 2002 திருத்தங்களுக்குப் பிறகு இன்று வாடகைக்கு விடப்படும் வீடுகளில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. டவுனில் பழைய வீட்டில் நெடுங்காலமாக இருப்பவர்கள் கட்டாயம் சட்டத்தரணியிடம் கேட்டுப்பார்க்க வேண்டும்.

எந்தச் சட்டமானாலும் கையில் அத்தாட்சி வேண்டும். பற்றுச்சீட்டுத் தராத வீட்டுக்காரராக இருந்தால், ஒரு கொப்பியில் மாதம், திகதி, தொகை எழுதி, பணம் கொடுக்கும்போதே கையெழுத்து வாங்குங்கள். விற்பனைப் பேச்சு வந்ததும் கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். நிலுவை விழுந்தால், வெளியேற்றுவதற்கு நீங்களே காரணம் எடுத்துக்கொடுத்ததாகிவிடும். புது உரிமையாளருக்கு வாடகை கொடுக்கும் முன், வீடு அவருக்குப் போய்விட்டது என்று பழையவரிடம் கடிதம் எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் பணம் இனி யார் பொறுப்பு என்பதும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். சிங்களத்தில் எழுதிவந்த தாளை, யாராவது வாசித்துச் சொல்லும்வரை கையெழுத்துப் போட வேண்டாம். தானாக விலகுவதாக எழுதிய ஒரு வரி மேற்சொன்ன உரிமைகளை எல்லாம் வீணாக்கிவிடும்.

லயத்தில் இருப்பவர்களின் கதை வேறு. 'தோட்டத்த வித்துட்டாங்களாம்' என்ற செய்தி பரவும்போது லயமே கலங்கிப்போகிறது. கம்பனித் தோட்டங்களில் நிலம் அரசுடையது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, பிறகு 53 ஆண்டுக் குத்தகை கொடுக்கப்பட்டது. ஆகவே அங்கே கைமாறுவது நிர்வாகமும் குத்தகை உரிமையும்தான். லயக் காம்பிராவில் இருப்பவர் வாடகைக்காரரும் அல்ல, உரிமையாளரும் அல்ல. வேலையோடு வந்த வீடு அது. ஆனாலும் 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் (விசேட ஏற்பாடுகள்) சட்டப்படி, வேலை போனாலும் நீதிமன்றக் கட்டளை இல்லாமல் தொழிலாளியைக் காம்பிராவிலிருந்து வெளியேற்ற முடியாது. இது தற்காப்பு மட்டுமே. தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலமும் சட்டப்படி செல்லும் உறுதியும் கிடைக்கும்வரை இந்தப் பயம் தீரப்போவதில்லை. அதைக் கொடுக்க வேண்டியது அரசின் கடமை.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்காக வழக்குப் பேசுகிறது. கடிதம் வந்த வாரத்திலேயே அந்தக் கடிதத்தையும், வாடகைக் கொப்பியையும், அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள்.