சாய்ந்து ஓட்டும் சைக்கிளுக்கு ஜீவனஹள்ளியில் வழி உண்டா?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: பெங்களூரு காக்ஸ் டவுனையொட்டிய ஜீவனஹள்ளியில் கன்னடத்துக்கு இணையாகத் தமிழும் காதில் விழும். இங்குள்ள குறுகிய தெருக்களில் சாதாரண சைக்கிளை ஓட்டுவதற்கே திறமை வேண்டும். தரையிலிருந்து ஏறக்குறைய ஓர் அடி உயரத்தில் அமர்ந்து, முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் "ரிகம்பென்ட்" மூன்று சக்கர சைக்கிளை இத்தெருக்களில் ஓட்ட முடியுமா என்பது வேடிக்கையான கேள்வி போலத் தோன்றலாம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கும், முதுகுவலிக்காரர்களுக்கும், இரு சக்கரத்தில் நிதானம் கிட்டாதவர்களுக்கும் அது வேடிக்கையல்ல.

இவ்வண்டியில் உடல் எடை முதுகிலும் இடுப்பிலும் பரவுகிறது. மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் சுமை இல்லை. காற்றின் எதிர்ப்பும் குறைவு. அந்த வேகமே இதற்கு வினையாகவும் முடிந்தது. பிரான்ஸில் சார்லஸ் மோஷே வடிவமைத்த சாய்வு சைக்கிளில், முன்னணி வீரர் என்று பெயரெடுக்காத பிரான்சிஸ் ஃபோர், 1933 ஜூலை 7-ம் தேதி ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. தொலைவைக் கடந்தார். 1914 முதல் நீடித்த ஆஸ்கர் எக்கின் சாதனை வீழ்ந்தது. மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம், "பந்தய சைக்கிள்" என்பதற்குப் புதிய இலக்கணம் வகுத்து இதை வெளியேற்றியது. மோஷே காலமானதும் அதே 1934-ல்தான். முழு உறை போர்த்திய இதே இனத்து வண்டியில், 2016-ல் அமெரிக்காவின் நெவாடாவில் கனடாவைச் சேர்ந்த டாட் ரைகெர்ட் மணிக்கு 144.17 கி.மீ. வேகத்தை எட்டினார்.

குறைகளும் உண்டு. மேட்டில் எழுந்து நின்று மிதிக்க இயலாது. ஏற்ற இறக்கம் மிகுந்த பெங்களூரில் இது சிறு விஷயமல்ல. சிறிய சக்கரங்கள் பள்ளங்களில் தடுமாறும். ஓட்டுபவரின் கண் கார் கதவின் மட்டத்தில் இருக்கும். லாரி ஓட்டுநருக்கு அவர் தென்படவே மாட்டார். அதனால்தான் வெளிநாடுகளில் பின்னால் உயரக் கம்பு நட்டுக் கொடி கட்டுகின்றனர்.

நம் நாட்டில் இதற்கு மிக நெருங்கிய உறவு, மாற்றுத்திறனாளிகள் கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி. 1972-ல் தொடங்கப்பட்ட கான்பூர் "அலிம்கோ" அரசு நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. பெங்களூரிலும் அதற்குத் துணை உற்பத்தி மையம் உள்ளது. 1981 முதல் மத்திய அரசின் உபகரண உதவித் திட்டத்தின் கீழ் இவ்வண்டிகள் வழங்கப்படுகின்றன. எம்.பி.க்களின் தொகுதி மேம்பாட்டு நிதியையும் இதற்குச் செலவிடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இயக்கக் குறைபாடு உள்ளோர் மட்டும் சுமார் 54 லட்சம் பேர்.

சிக்கல் நடுவில் நிற்பவர்களுக்குத்தான். 2016 டிசம்பரில் இரு அவைகளும் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைபாட்டு வகைகளை 7-லிருந்து 21 ஆக உயர்த்தியது. ஆயினும் உதவித் திட்டத்தின் பலனைப் பெற 40 சதவீதக் குறைபாட்டுச் சான்றிதழ் தேவை. மூட்டுவலியுடன் நடமாடும் முதியவருக்கு அது எளிதில் கிட்டாது. கடைக்குப் போய் வாங்கலாமென்றால், சாய்வு சைக்கிள் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. 2023 பட்ஜெட்டில் சைக்கிள் இறக்குமதி வரி 30 சதவீதத்திலிருந்து 35 ஆக்கப்பட்டது. உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் நோக்கம் சரியே. ஆனால் இங்கு பெரிய அளவில் தயாராகாத பொருளுக்கும் அதே தராசுதானா? ஒரே ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிள் மீதான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

வரி குறைந்தாலும் பாதை வேண்டுமே. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு முன்னுரிமை என 2006-லேயே தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்லிவிட்டது. பெங்களூரு வெளிவட்டச் சாலையில் 2020-ல் தடுப்புக் கம்பங்கள் நட்டுத் தற்காலிக சைக்கிள் பாதையும் அமைத்தனர். அது அமைந்தது மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த நெடுஞ்சாலையில். ஜீவனஹள்ளிவாசிக்கு மருந்துக் கடையும் ரேஷன் கடையும் இருப்பது உள் தெருவில். அங்கு இருபுறமும் நிற்பவை கார்களும் ஸ்கூட்டர்களும்.